தூத்துக்குடியை அரூபமாகச் செய்ய எந்தத் தளம்: கேன்வாஸ், பிளைவுட், தாள், உலோகத் தகடு

தூத்துக்குடியை வைத்து ஒரு கலப்பு ஊடக ஓவியம், அதாவது வண்ணத்தோடு பொருட்களையும் ஒட்டிச் செய்யும் ஓவியம், செய்யப் போகிறேன், எதன் மேல் செய்யட்டும் என்று இளம் ஓவியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வீட்டுக் கூடத்துக்கு ஓவியம் சொல்லிவைத்தவர்களிடமும் இதே கேள்வி உண்டு. ஓவியர் கேன்வாஸுக்கு ஒரு விலையும் பலகைக்கு ஒரு விலையும் சொல்லியிருப்பார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று புரியாமல் குறைந்த விலைக்குத் தலையாட்டிவிடுவார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலோர ஊரின் கனமான பொருட்களை ஒட்டிச் செய்யும் வேலைக்குப் பெரும்பாலும் பிளைவுட் பலகைதான் சரி. அது சரிப்படாத நிலைமைகளும் உண்டு. அப்போது கேன்வாஸோ தாளோ தகடோ அதைவிட நன்றாக உழைக்கும். எது எப்போது என்று பிரித்துக்கொண்டால் தேர்வு எளிது.

## எதை வைத்து முடிவு செய்வது

என்ன ஒட்டப் போகிறீர்கள்? எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி இது. அரூப ஓவியத்தில் கப்பல் தெரியாது, முயல்தீவுக் கலங்கரை விளக்கம் தெரியாது, பனிமய மாதா கோயிலும் தெரியாது. ஊரை அங்கே கொண்டுவருவது பொருள்தான். அதன் நிறமும் சொரசொரப்பும் கனமும்தான். தூத்துக்குடியில் அதற்குக் குறைவில்லை. உப்பளத்தின் வெள்ளை, அனல் மின் நிலையத்துக்காகக் கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியின் கருப்பு, சங்கிலியிலும் கொக்கியிலும் ஏறிய துருவின் செம்பழுப்பு என்று மூன்று நிறங்களை ஊரே எடுத்து வைத்திருக்கிறது. தோணிக் கயிறு, கிழிந்த வலை, வெங்காயச் சாக்கு, உடைந்த சங்கு, பழைய சரக்குச் சீட்டு எல்லாம் அதற்கு மேல்.

இவற்றில் நான்குக்குத் தனிக் குணம் உண்டு. அது தெரியாமல் தளத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

துருவில் தொடங்குவோம். பழைய நங்கூரச் சங்கிலியிலிருந்து உதிரும் ஒரு செதிலைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். வெளிப்பக்கம் ஆரஞ்சும் பழுப்புமாகத் தூள் தூளாக இருக்கும். இரும்பை ஒட்டியிருந்த உட்பக்கம் கருப்பாக, இறுக்கமாக இருக்கும். நடுவே ஏடு ஏடாக அடுக்குகள். ஒரு சின்னச் செதிலுக்குள் ஒரு முழு நிறப் பெட்டியே இருக்கிறது. உதிர்ந்த துரு பயப்பட வேண்டிய பொருளும் அல்ல. அது இரும்பு ஆக்சைடு, நம் காவிக் கல்லுக்கு நிறம் தருவதும் அதுதான். நல்ல தண்ணீரில் சில முறை ஊறவைத்து உப்பை வெளியேற்றி, உலர்த்தி, அரைத்து, அக்ரிலிக் மீடியத்தில் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் பசை) குழைத்தால் நெடுங்காலம் நிலைக்கும் வண்ணம் கிடைக்கும். தொல்லை தருவது துருவுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் இரும்பு. உப்பு ஏறிய இரும்புத் துண்டை அப்படியே ஒட்டினால் அது ஓவியத்துக்குள்ளும் துருப்பிடித்துக்கொண்டே போகும், உப்பிச் செதிலாகப் பெயர்ந்து ஒட்டிய பசையையும் தள்ளிவிடும். துரு மாற்றித் திரவம் பூசினால் நிற்கும். ஆனால் செம்பழுப்பு கருத்துவிடும், எதற்காக ஒட்டினீர்களோ அந்த நிறமே போய்விடும்.

அடுத்தது உப்பு. உப்பு ஊரை வரைகிறேன் என்று கல்லுப்பையே ஒட்டிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். அளத்து உப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியும். கடலோர ஊரில் இரவு நேரத்தில் இந்த அளவை எட்டுவது சாதாரணம். பகலில் உலர்ந்து இரவில் கசிந்து, மறுபடி உலர்ந்து, அடியிலிருக்கும் வண்ணத்தை அது அரித்துவிடும். பிசின் ஊற்றி மூடினால் உப்பு நிற்கும், ஆனால் எபாக்ஸி பிசின் வெளிச்சத்தில் மஞ்சளாகும், உப்பின் வெள்ளை அதோடு போகும். நான் உப்பை ஒட்டச் சொல்வதில்லை. மார்பிள் தூளும் சங்குத் தூளும் அந்த வெள்ளையைத் தரும், கரையவும் கரையாது. கடல் மணல் எடுத்தாலும் இதே எச்சரிக்கைதான், உப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே பசையில் சேர்க்க வேண்டும்.

கயிறும் வலையும் வேறு மாதிரி. இன்றைய வலையும் கயிறும் பெரும்பாலும் நைலான், பாலிஎதிலீன் போன்ற பிளாஸ்டிக். இவற்றில் ஃபெவிகால் பிடிக்காது. ஒட்டிய அன்று பிடித்ததுபோல் இருக்கும், பிறகு ஒரு ஓரத்தைத் தூக்கினால் பட்டையாகக் கழன்று வரும். துளை போட்டுக் கட்ட வேண்டும், அல்லது தைக்க வேண்டும். ஆகவே தளம் துளைக்கும் தையலுக்கும் இடம் தருமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சங்கு கனம். உள்ளங்கையளவு துண்டுகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்தாலே தொய்யும் தளம் தொய்ந்துவிடும்.

எங்கே மாட்டப் போகிறார்கள்? கடல் பார்த்த வீடும், சென்னையில் குளிரூட்டிய அலுவலகமும், துபாயில் உறவினர் வீடும் ஒன்றல்ல. ஈரமும் உப்புக்காற்றும் படும் சுவருக்குத் தேர்வே வேறு.

எவ்வளவு தூரம் போக வேண்டும்? ரயிலில் கையோடு கொண்டுபோகும் படமா, லாரியில் போகும் படமா, கப்பலேறும் படமா என்பது.

செய்து முடித்த பிறகு என்ன செலவு? கடைக்காரர் சொல்லும் விலையில் சட்டம், கண்ணாடி, பின்பலகை, கொக்கி, கட்டும் பெட்டி எதுவும் சேர்ந்திருக்காது. நான்கு தளங்களுக்கும் இடையில் உண்மையான வித்தியாசம் இங்கேதான் வெளிப்படுகிறது.

பழுதானால் சரிசெய்ய முடியுமா? ஒரு துண்டு கழன்றால் திருப்பி ஒட்ட முடிய வேண்டும். ஒரு மூலை இடித்தால் முழுப் படமும் போய்விடக் கூடாது.

## கேன்வாஸ்

துணிக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு. பாய் விரித்த தோணிகள் இங்கிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போயின. அந்த நினைப்பே பலரைக் கேன்வாஸ் பக்கம் இழுக்கிறது. நல்ல காரணம்தான், அது மட்டும் போதாது.

கேன்வாஸின் பெரிய பலம் அளவு. ஆறடி எட்டடிக்குப் போனாலும் இரண்டு பேர் தூக்கலாம். 4×3 அடிக் கேன்வாஸ் சட்டத்தோடு இரண்டு மூன்று கிலோதான் வரும். மெல்லிய பூச்சுகள், கழுவிவிட்ட நீலங்கள், நிலக்கரித் தூளைக் கரைத்து ஓடவிட்ட கறைகள், மெல்லிய தாள் ஒட்டு இவற்றுக்கு இதைவிட இணக்கமான தளம் கிடையாது. ஊசி நூல் கொண்டு கயிற்றைத் தைக்கலாம், வலையை முடிச்சுப் போட்டுப் பிணைக்கலாம்.

அதன் பலவீனம் அசைவு. பருத்தி ஈரத்தில் தொய்யும், வெயிலில் இறுகும். விரலால் தட்டினால் அதிரும். அந்த அசைவை அக்ரிலிக் பூச்சு தாங்கிக்கொள்ளும், கெட்டியாகக் காய்ந்த பொருள் தாங்காது. பாரிஸ் சாந்து, சிமெண்ட், தடித்த மணல் கலவை எல்லாம் கேன்வாஸில் வெடிக்கும். மேல் மூலையில் தொடங்கி குறுக்கே ஓடும் விரிசலைப் பார்த்திருப்பீர்கள். ஓவியரின் கைக்குறை அல்ல அது, சட்டத்தின் மூலையில் துணி வாங்கும் இழுவை.

மறைந்திருக்கும் செலவு சட்டத்தில். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கேன்வாஸின் சட்டம் மெலிது, பெரிய அளவில் முறுக்கிக்கொள்ளும். துணியை அடித்திருக்கும் ஸ்டேப்பிள் ஊசி சாதாரண இரும்பு. கடலோரத்தில் அது துருப்பிடித்துத் துணியின் ஓரத்தையும் அரிக்கும். நல்ல சட்டம், குறுக்குக் கட்டை, மூலையில் இறுக்க ஆப்புக் கட்டை, துருப்பிடிக்காத எஃகு ஊசி என்று தச்சரிடம் சொல்லிச் செய்தால் விலை பலகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். குறைந்த விலை என்று கேன்வாஸ் எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சுருட்டி அனுப்பலாம் என்பது பாதி உண்மை. மெல்லிய வண்ணப் பூச்சு மட்டும் உள்ள கேன்வாஸை, வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி பெரிய குழாயில் சுருட்டலாம். மணலோ சங்கோ கயிறோ ஒட்டியிருந்தால் சுருட்டவே கூடாது. அதோடு அக்ரிலிக் நம் வெயிலில் இளகும். குமிழி பிளாஸ்டிக்கை நேராக மேலே சுற்றினால் குமிழின் வட்டம் வண்ணத்தில் பதிந்துவிடும். இடையில் சிலிக்கோன் பூசிய தாள் ஒன்று வேண்டும்.

கேன்வாஸ் யாருக்கு? பெரிய சுவர், மெல்லிய அடுக்குகள், பொருளைவிட நிறமே முதன்மை என்பவர்களுக்கு. கண்காட்சிக்கு ஊர் ஊராகக் கொண்டுபோகிறவர்களுக்கும் இதுதான்.

## பிளைவுட் பலகை

பலகை அசையாது. அது ஒன்றே போதும். மணல் கலவையை அரை அங்குலத்துக்கு ஏற்றலாம், காய்ந்த பிறகு உளியால் கீறலாம், மணல்தாளால் தேய்த்து அடியிலிருக்கும் அடுக்கை வெளியே கொண்டுவரலாம். துளைபோட்டுக் கயிற்றைக் கோத்துப் பின்னால் முடிச்சுப் போடலாம். சங்குத் துண்டைப் பின்னாலிருந்து திருகாணியால் பிடிக்கலாம். மேலிருந்து பார்த்த உப்பளப் பாத்திகளின் கட்டங்களை வரப்பு வரப்பாக மேடு தட்டிக் கொண்டுவர வேண்டுமென்றால், அந்த வரப்பை ஒரு முறை அழுத்தி வழிக்கும்போது அடியில் தளம் விட்டுக்கொடுக்காமல் நிற்க வேண்டும். கேன்வாஸில் அந்த அழுத்தம் கொடுக்கவே முடியாது. அரூப ஓவியத்தில் பாதி வேலை போட்டதை எடுப்பதுதான். சுரண்டி எடுக்க விடும் தளம் கிடைத்தால் கை துணிகிறது, யோசனையும் மாறுகிறது. பலகையின் பக்கம் நான் சாய்வதற்குப் பெரிய காரணம் இது. பார்சலோனா என்ற துறைமுக நகரத்தின் ஓவியர் ஆந்தோனி தாப்பியெஸ் மார்பிள் தூளையும் மணலையும் கலந்து சுவர் மாதிரியான ஓவியங்களைச் செய்தவர். அந்தப் பரப்புகளில் கீறியதும் குத்தியதும் தேய்த்ததும்தான் உயிர். அந்த வழியில் போக நினைப்பவர்கள் பலகையை எடுங்கள்.

எந்தப் பலகை? கடையில் மெரைன் பிளை என்று கேட்டு, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈரத்தில் ஏடு பிரியாத பசை அதில் இருக்கும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை வழவழப்பாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் ஓரத்தில் ஈரம் ஏறினால் ரொட்டி போல உப்பும். கடலோரத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

கனம் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. 4×3 அடியில் 12 மில்லிமீட்டர் பலகை எட்டு ஒன்பது கிலோ வரும் என்பது உண்மைதான். அதற்குப் பதில் 6 மில்லிமீட்டர் பலகையை எடுத்து, பின்னால் சுற்றிலும் நடுவிலும் ரீப்பர் கட்டை அடித்தால் பலகை நாலரை கிலோவுக்குள் நிற்கும், கட்டையோடு சேர்ந்தாலும் தூக்க முடியும். ரீப்பர் அடித்தது வளையவும் வளையாது.

இங்கே மறைந்திருக்கும் செலவு முன்தயாரிப்பு. மரத்திலிருந்து பழுப்புக் கறை வண்ணத்துக்குள் ஏறிவரும். அக்ரிலிக் மீடியம் ஈரமாக இருக்கும்போது அந்தக் கறையை இழுத்துக்கொள்ளும், சில வாரத்தில் உங்கள் உப்பு வெள்ளை தேநீர் நிறமாகும். இதைத் தடுக்க முதலில் மரத்தை மூடும் சீலர் இரண்டு பூச்சு, பிறகு கெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று முறை, பூச்சுக்கு இடையே மணல்தாள். முன்பக்கம் பூசுவதுபோலவே பின்பக்கமும் ஓரங்களும் மூட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடிய பலகை மறுபக்கம் வழியாக ஈரம் குடித்து வளையும். இந்த வேலைக்கு இரண்டு மூன்று நாள் போகும். ஓவியரிடம் சொல்லிச் செய்பவர்கள், பலகைக்கு அவர் கேட்கும் கூடுதல் தொகை இந்த நாட்களுக்குத்தான் என்று புரிந்துகொள்ளுங்கள், அதில் பேரம் பேசாதீர்கள்.

கரையான் இரண்டாவது கவலை. சுவரில் ஈரக்கசிவு இருந்தால் ஓவியத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டக் கூடாது. சாய்வாக அறுத்த இரண்டு ரீப்பர்களில் ஒன்றைச் சுவரிலும் ஒன்றை ஓவியத்தின் பின்னாலும் அடித்து, ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்படி மாட்டினால் பின்னால் காற்றுப் போகும், கனமும் ஒரு ஆணியில் தொங்காது.

பலகை சரிப்படாத இடம் ஆறடிக்கு மேற்பட்ட ஒற்றைப் பரப்பு. அப்போது இரண்டு மூன்று பலகைகளாகப் பிரித்துச் செய்யலாம். துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும் கண்டெய்னர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த இடைவெளி ஒரு குறையாகவே தோன்றாது.

## தாள்

தாளைப் பயிற்சிக்கு மட்டும் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிலக்கரித் தூளின் கருப்பு தாளில் விழும் ஆழம் வேறெதிலும் விழாது. நூலிழைக்குள் புகுந்து வெல்வெட்டுப் போல நிற்கும். ஈர நீர்வண்ணத்தின் மேல் உப்புத் தூவினால் ஒவ்வொரு பரலும் தன்னைச் சுற்றியுள்ள நீரை இழுத்து நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோலம் போடும். உப்பை ஒட்டாமலே உப்பைக் கொண்டுவர இதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தெரியாது. காய்ந்ததும் ஒரு பரல் விடாமல் துடைத்தெடுத்துவிட வேண்டும், தங்கினால் அது அங்கேயே ஈரம் இழுக்கும்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள, அமிலமற்ற பருத்தித் தாள் எடுங்கள். பழைய சரக்குச் சீட்டு, கணக்குப் புத்தகத்தின் ஏடு, நாளிதழ் இவற்றை ஒட்டும்போது அசலை ஒட்ட வேண்டாம். மரக்கூழில் செய்த தாள் மஞ்சளாகி நொறுங்கும், சுற்றியிருக்கும் நல்ல தாளிலும் கறை ஏற்றும். அமிலமற்ற தாளில் நகல் எடுத்து ஒட்டுங்கள், அசல் பத்திரமாக இருக்கட்டும். 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி பற்றிய பழைய தாள் ஏதாவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் இது கட்டாயம்.

தாளின் மறைந்த செலவுதான் நான்கிலும் பெரியது. தாள் வேலைக்குக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி ஓவியத்தில் படாமல் இருக்க உள்விளிம்பு அட்டை வேண்டும், பின்னால் அமிலமற்ற பலகை வேண்டும், எல்லாவற்றையும் பிடிக்கச் சட்டம் வேண்டும். 4×3 அடிக்கு 3 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே எட்டு கிலோவுக்கு மேல். தூக்கிப் பார்க்கும்போது லேசான தாள், மாட்டும்போது இந்த வரிசையிலேயே கனமான பொருளாகிவிடுகிறது. பார்சலில் கண்ணாடி உடைந்தால் சில்லு ஓவியத்தைக் கிழிக்கும், அதனால் தூரப் பயணத்துக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போட வேண்டும், அதற்குத் தனி விலை.

கடலோர வீட்டில் தாளுக்கு எதிரிகள் அதிகம். பூஞ்சையின் பழுப்புப் புள்ளி, இராமபாணப் பூச்சி, மழைக்காலத்தில் தாள் அலை அலையாக நெளிவது. சிறிய அளவில், இரண்டடிக்குள் செய்து, உலர்ந்த உள்சுவரில் மாட்டினால் தாள் நன்றாக வாழும். எட்டுப் பத்துச் சிறு வேலைகளை ஒரு தொடராகச் செய்ய நினைப்பவருக்கு என் முதல் பரிந்துரையே தாள்தான்.

## உலோகத் தகடு

சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், கடலுக்குப் பக்கத்திலேயே, பி.வி. ஜானகிராம் தகட்டை அடித்துச் சிற்பம் செய்தார், எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்தார். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய அந்தக் கிராமத்தின் உதாரணத்தைப் பார்த்துத் தகட்டை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் உலோகத்தை உலோகமாகவே நடத்தினார்கள். நாம் பேசுவது உலோகத்தின் மேல் வண்ணமும் மணலும் ஏற்றுவது.

இரும்புத் தகடு வேண்டாம். துருப்பிடிக்கவிட்ட தகட்டின் அழகு கண்ணைப் பறிக்கும், ஆனால் உப்புக்காற்றில் அது ஓயாது, சுவரிலும் வழியும். குளிரூட்டிய உள்ளறையில், மெழுகு பூசி, ஆண்டுக்கொரு முறை பராமரிக்க ஆள் இருந்தால் மட்டும் சம்மதிக்கலாம்.

ஏசிபி தகடு, அதாவது இரண்டு மெல்லிய அலுமினிய ஏடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த தகடு, வேறு கதை. பெயர்ப்பலகைக் கடைகளில் 3, 4 மில்லிமீட்டரில் கிடைக்கும். கரையான் கிடையாது, பூஞ்சை கிடையாது, ஈரத்தில் வளைவதும் கிடையாது. 4×3 அடிக்கு 4 மில்லிமீட்டர் தகடு ஆறு கிலோ அளவுதான். கடல் பார்த்த பால்கனிச் சுவர், கப்பல் ஏஜென்சியின் வரவேற்பறை, சமையலறையை ஒட்டிய சுவர் இவற்றுக்கு இதுதான். பளபளப்பான மேற்பூச்சை மணல்தாளால் நன்றாகக் கீறி, உலோகத்துக்கான பிரைமர் அடித்த பிறகே வண்ணம் பிடிக்கும். அதைத் தவிர்த்தால் தோல் உரிவதுபோல் உரியும்.

இரும்பு, செம்பு, பித்தளைத் துண்டுகளை அலுமினியத்தில் நேராகப் பொருத்தக் கூடாது. இரண்டு உலோகம் தொட்டு, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். இடையில் எபாக்ஸியோ ரப்பரோ வைத்துப் பிரிக்க வேண்டும். இன்னொரு குறை, தகட்டில் உளி வைத்துச் செதுக்க முடியாது. சுரண்டினால் உடனே வெள்ளி மினுங்கும். அதை வேண்டுமென்றே பயன்படுத்துபவர்களும் உண்டு, மதிய வெயிலில் கடல் அப்படித்தானே மின்னுகிறது.

## சாக்கும் பாய்த்துணியும்

சாக்கையே தளமாக வைக்கலாமா என்பது அடிக்கடி வரும் துணைக்கேள்வி. இத்தாலியின் ஆல்பெர்தோ புர்ரி 1950களின் தொடக்கத்தில் கந்தல் சாக்குகளைத் தைத்து ஓவியமாக்கினார். கானாவின் இப்ராஹிம் மஹாமா கோகோ மூட்டைச் சாக்குகளைத் தைத்துக் கட்டடங்களையே போர்த்துகிறார். சாக்கு அற்புதமான பொருள். ஆனால் சணல் வெளிச்சத்தில் நிறம் மாறும், வலுவிழக்கும். தனியாகச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் சில ஆண்டில் ஓரம் பிரியும். நன்றாக வெயிலில் காயவைத்து, தூசி தட்டி, பலகையின் மேல் அக்ரிலிக் மீடியத்தில் பதித்துவிடுங்கள். பழைய பாய்த்துணிக்கும் அப்படியே.

## ஒரே பார்வையில்

| | கேன்வாஸ் | பிளைவுட் | தாள் | ஏசிபி தகடு |
|---|---|---|---|---|
| 4×3 அடிக்குக் கனம் | 2–3 கிலோ | 6 மி.மீ. பலகை நாலரை கிலோவுக்குள், ரீப்பர் தனி | கண்ணாடி மட்டுமே 8 கிலோவுக்கு மேல் | 4 மி.மீ. ஆறு கிலோ அளவு |
| தடித்த மணல், சங்கு | தாங்காது | நன்றாகத் தாங்கும் | தாங்காது | பிரைமரும் எபாக்ஸியும் இருந்தால் தாங்கும் |
| கயிறு, வலை | தைக்கலாம் | துளைத்துக் கட்டலாம் | வேண்டாம் | துளைத்துக் கட்டலாம், ஓரம் கயிற்றை அறுக்கும் |
| கடற்காற்று | தொய்யும், ஊசி துருப்பிடிக்கும் | எல்லாப் பக்கமும் மூடினால் நிற்கும் | பலவீனம் | மிக நன்று |
| மறைந்த செலவு | நல்ல சட்டம் | முன்தயாரிப்பு நாட்கள் | கண்ணாடி, அட்டை, சட்டம் | பிரைமர், எபாக்ஸி |
| பழுது பார்ப்பது | கிழிசலுக்கு நிபுணர் வேண்டும் | எளிது | கடினம் | கழன்றதை ஒட்டலாம், வளைந்தால் நிமிராது |

## எல்லாத் தளத்துக்கும் பொதுவான ஒரு எச்சரிக்கை

மன்னார் வளைகுடாவின் கரையில் பொறுக்கும் எல்லாவற்றையும் ஒட்டிவிட முடியாது. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கரையில் ஒதுங்கிய பவளப்பாறைத் துண்டு அழகாக இருக்கும், ஓட்டை ஓட்டையாக, உப்பு நிறத்தில். ஆனால் பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கடல் குதிரையும், கடல் விசிறி என்ற பவள வகையும் அப்படியே. செத்து ஒதுங்கியது என்பது விதிவிலக்கு அல்ல. சில சிப்பி, கிளிஞ்சல் வகைகளும் பட்டியலில் உண்டு. சங்கு முறையாக விற்கும் கடையில் உடைந்த துண்டுகளை ரசீதோடு வாங்குங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓவியமாக இருந்தால் சங்கே வேண்டாம் என்பேன். சுங்கத்தில் அது எந்த இனம் என்று விளக்கிக்கொண்டிருக்க நேரும்.

பழைய கொற்கைத் துறை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பானை ஓடுகளைப் பொறுக்கி ஒட்டும் ஆசையும் சிலருக்கு வருகிறது. கொச்சி முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியின் முதல் பதிப்பில், 2012-ல், கலைஞர் விவான் சுந்தரம் கேரளத்தின் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் ஒதுக்கப்பட்ட ஓடுகளைக் கொண்டு ஒரு துறைமுக நகரையே தரையில் பரப்பிக் காட்டினார். அவை அகழாய்வாளர்கள் எடுத்து, ஆராய்ந்து, ஒதுக்கிய ஓடுகள். நாமாகத் தரையிலிருந்து எடுப்பது ஒரு தடயத்தை அழிப்பது. அந்த நிறம் வேண்டுமென்றால் குயவரிடம் உடைந்த புதுப் பானை வாங்குங்கள், தேய்த்தால் அதே செம்மை வரும்.

## யாருக்கு எது

கல்லூரி மாணவர், கையில் காசு குறைவு, ஊரை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் தாள். 15×11 அங்குல அளவில் பத்து வேலை செய்யட்டும், சட்டம் இப்போது வேண்டாம், அமிலமற்ற உறையில் அடுக்கிவைக்கட்டும். அவற்றில் எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறதோ அதுவே அடுத்த தளத்தைச் சொல்லிவிடும்.

தூத்துக்குடியிலோ கடலோர ஊரொன்றிலோ வீடு, கூடத்தில் 4 அடி ஓவியம், மணலும் கயிறும் சங்கும் வேண்டும் என்பவருக்கு மெரைன் பிளை. வேறு யோசனை தேவையில்லை. அதே வீட்டில் கடல் பார்த்த வெளிச்சுவர் என்றால் ஏசிபி. வண்ணத்துக்கு மேல் புற ஊதா தாங்கும் வார்னிஷ் இரண்டு பூச்சு கேளுங்கள், சணல் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

சென்னையில் குளிரூட்டிய அலுவலகம், எட்டடிச் சுவர், தூரத்திலிருந்து பார்க்கும் படம் என்றால் கேன்வாஸ், தடித்த சட்டத்தோடு. பொருள் ஒட்டு கொஞ்சம் வேண்டுமென்றால் கேன்வாஸின் பின்னால் மெல்லிய பலகை ஒன்றை வைத்து அடிக்கச் சொல்லலாம். அசைவு குறையும், கனம் கொஞ்சம் கூடும்.

வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புவதாக இருந்தால், வண்ணம் மட்டும் என்றால் சுருட்டிய கேன்வாஸ், பொருள் ஒட்டியது என்றால் சிறிய பிளைவுட் பலகைகள். ஒன்று தெரிந்திருப்பது நல்லது. அறுத்த கட்டை மரத்தில் செய்த பொதிப்பெட்டிக்குப் பல நாடுகள் வெப்பச் சுத்திகரிப்பு முத்திரை கேட்கும். பிளைவுட்டில் செய்த பெட்டிக்கு அது தேவையில்லை. பெட்டியையும் பிளைவுட்டிலேயே அடித்துவிட்டால் துறைமுகத்தில் தடங்கல் குறையும்.

இரண்டுக்கு நடுவில் இன்னும் ஊசலாடுபவர்கள், ஒட்ட நினைக்கும் பொருட்களிலேயே கனமானதையும் ஈரத்தில் மோசமானதையும் எடுத்துக்கொண்டு, ஒரு அடி அளவில் இரண்டு தளத்திலும் ஒட்டிப் பாருங்கள். அவற்றை வெயிலும் காற்றும் படும் ஜன்னலோரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை வையுங்கள். எது தொய்ந்தது, எது கசிந்தது என்று அந்தத் துண்டிலேயே தெரிந்துவிடும். எந்தத் தளத்தை எடுத்தாலும் ஓவியத்தின் பின்பக்கத்தில் பலகையின் வகை, சீலர், பசை, ஒட்டிய பொருட்கள், அவற்றை எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். முப்பது ஆண்டு கழித்து ஒரு சங்குத் துண்டு கழன்று விழுந்தால், அதைத் திருப்பி ஒட்டப் போகிறவருக்கு அந்த நான்கு வரி போதும்.